ஏழரை லீற்றர்

ஒஸ்லோவில் வீடு எடுப்பதைவிடக் கராஜ் எடுப்பது கடினம். ரொம்மனில் எங்கள் குடியிருப்பில் கராஜுக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஒன்பது வருடமாக என் பெயர் இருக்கிறது. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சொல்லப்போகும் கராஜ் என் கூட்டாளி பிலேந்திரனுடையது.

மொழிபெயர்க்கும் தங்கை இந்தியாவில் இருந்து வந்தவர் போலிருக்கிறது. என் தமிழ் எங்காவது விளங்காவிட்டால் நிறுத்துங்கள், திருப்பிச் சொல்கிறேன். வேலைக்கும் கடைக்கும் போதுமான நோர்வேஜிய மொழி எனக்கு வரும். இன்று சொல்ல வந்தது அதற்குள் அடங்காது.

என் பெயர் அல்பேர்ட். மன்னாரில் ட்ராக்டர் எஞ்சின் கட்டியவன். இங்கே பஸ் கழுவுகிறேன். எஞ்சின் மூடியைத் திறப்பதற்குச் சான்றிதழ் வேண்டும், என்னிடம் இல்லை. நான் காலையில் வேலைக்குப் போனால் மனைவி மரியரஞ்சனி மாலையில் போவாள். சமையலறையில் ஒருவரையொருவர் விலத்திப் போவோம். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை பிடிக்கவும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டுமே.

பிலேந்திரன் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தான். ஒருநாள் அவன் தொத்தன் என்ற ஊர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் பழுதாகிக் கிடந்த அமெரிக்க லொறியைப் பார்த்துவிட்டு வந்தான். அதன் எஞ்சின் ஏழரை லீற்றர், எட்டு சிலிண்டர். இரண்டு பேரும் போய் எஞ்சினைக் கழற்றி அவன் கராஜுக்குக் கொண்டு வந்தோம். அவன் மனைவி அஜந்தா வாசலில் நின்று பார்த்தாள்.

“ஏழரை லீற்றரோ? ஏழரைச் சனியனையெல்லோ கொண்டந்திருக்கிறியள்,” என்று சிரித்தாள்.

காசில்லாதவனும் அப்படி ஒரு எஞ்சின் கட்டலாம். எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று தெரிந்தால் போதும். லொறி எஞ்சினில் அழுத்தம் குறைவு. காற்றை அமுக்கித் திணிக்கப் போகிறவனுக்கு அது குறையல்ல, வரம். திணிக்கும் கருவி, அதுதான் சூப்பர்சார்ஜர், சுவீடனில் உடைத்த பழைய டீசல் பஸ் ஒன்றில் இருந்து கிடைத்தது. பேரிங், காஸ்கற், அடிப்பக்கத்து போல்ட்டுகள் மட்டும் புதிது. மற்றதெல்லாம் என் கை. பிலேந்திரன் நல்லவன், ஆனால் போல்ட்டை இறுக்கும்போது பொறுமை போதாது. அவன் வீட்டுக்குப் போன பிறகு நான் திரும்ப ஒருமுறை இறுக்குவேன். நாலு வருடம் அப்படிப் போனது. அந்தப் பதினெட்டுச் சதுர மீற்றர் கராஜில் மட்டும் யாரும் என்னிடம் சான்றிதழ் கேட்கவில்லை.

போன வருடம் பெப்ரவரியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“மச்சான், அஜந்தாவுக்குத் திரொண்ட்ஹைமிலை வேலை கிடைச்சிட்டுது. வீட்டையும் கராஜையும் குடுக்கப்போறம். ஸ்ட்ரோம்மனிலை ஒரு ஆள் எஞ்சினை உள்ளபடியே எடுக்கிறனெண்டு சொல்லுறார். திங்கள் வருவார்.”

“இன்னும் முடியேல்லையே.”

“இது முடியிற சாமானோ? உனக்கும் ஒரு விடுதலைதானே.”

அந்தச் சொல்லை அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அதை நான் இன்றுவரை மறுத்ததில்லை.

திங்கட்கிழமை ஏற்றுவதற்கு ஆயத்தமாக, அன்றே எஞ்சினைக் கிரேனில் தூக்கிப் பலகை மேடையில் இறக்க வேண்டியிருந்தது. மேடைக்குள் ஒரு மரக்கட்டை விலகிக் கிடந்தது. அதைச் சரிசெய்ய அவன் நிலத்தில் படுத்து, தொங்கிய எஞ்சினுக்கு அடியில் நெஞ்சுவரை உள்ளே போனான். போகாதே என்று நான்தான் வழக்கமாகச் சொல்கிறவன். அன்று சொல்லவில்லை.

கிரேனின் ஜாக்கியில் எண்ணெய் ஒழுகியது, எஞ்சின் தானாக இறங்கியது என்று அன்று வந்த உங்கள் பொலிஸ் ஆட்களிடம் சொன்னேன். ஒழுகும்தான். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு விரல் அளவுதான் எஞ்சின் இறங்கும். ஜாக்கியின் அடியில் ஒரு திருகு இருக்கிறது. அரைச் சுற்றுத் திருப்பினால் மெல்ல இறங்கும். அதை நான் திருப்பினேன். அவனை நசுக்குவதற்கு அல்ல. நின்று கேட்கிற ஆள் அல்ல அவன். கொஞ்சம் நிறுத்தி வைத்துக் கதைக்க வேண்டியிருந்தது.

பாதிப் பாரம் மேடையில், பாதி அவன் நெஞ்சில். நான் திருகை மூடிவிட்டு, ரயர் ஒன்றை இழுத்து அருகில் உட்கார்ந்தேன்.

“மச்சான், இறங்கிட்டுது. தூக்கு.”

“விக்கமாட்டனெண்டு சொல்லு.”

“பகிடி விடாதை. மூச்செடுக்க ஏலாமல் கிடக்கு.”

“சொல்லு, தூக்குறன்.”

“விக்கமாட்டன். மாதாவாணை விக்கமாட்டன்.”

அவன் சொல்லிவிட்டான், உண்மை. ஆனால் நீங்கள் என் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். அந்த நிலையில் ஒருவன் தரும் வாக்குக்கு என்ன பெறுமதி? தூக்கினால் எழும்பிப் போய் அஜந்தாவிடம் நடந்ததைச் சொல்வான். திங்கட்கிழமை அந்த ஆள் வருவார். அதன்பிறகு அந்தக் கதவு எனக்குத் திறக்காது. தூக்கவும் வழியில்லை, தூக்காமல் இருக்கவும் வழியில்லை. அந்தக் கராஜில் அன்று அகப்பட்டுக்கொண்டது அவன் ஒருவன் மட்டுமல்ல.

பிறகு அவன் என்னைக் கூப்பிடவில்லை, அஜந்தாவைக் கூப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. மொத்தம் பதினொரு நிமிடம். அதற்குப் பிறகுதான் தூக்கினேன். எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியைத் தடவிப் பார்த்தேன், பலகையின் விளிம்பில் பட்டு ஓரிடம் நெளிந்திருந்தது, தட்டி எடுக்கக்கூடிய நெளிவுதான். பார்த்துவிட்டு அம்புலன்ஸுக்கு அடித்தேன்.

செத்தவீட்டில் பெட்டி தூக்கியவர்களில் நானும் ஒருவன். அஜந்தா திரொண்ட்ஹைமுக்குப் போகவில்லை. கராஜைத் துப்பரவாக்கித் தருகிறேன் என்று சாவி வாங்கினேன். முப்பத்தோராம் நாள் பூசைக்கு மறுநாள் எஞ்சின் வேலையைத் தொடங்கினேன். அவள் ஒருநாளும் அந்தப் பக்கம் வரவில்லை, ஆனால் சாப்பாடு கட்டி அனுப்பினாள். பதின்மூன்று மாதம் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். அது எவ்வளவு பாரம் என்று உங்களுக்கு விளங்குமோ தெரியாது.

போன ஞாயிறு பின்னேரம் முதன்முறையாக ஓடவிட்டேன். இரண்டாவது திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. சூப்பர்சார்ஜரின் பெல்ட் கீச்சிட்டுப் பிறகு சீரானது. கொங்கிறீற் நிலம் அதிர்ந்தது. அக்கம்பக்கத்து யன்னல்கள் திறந்தன. சத்தம் கேட்டு அஜந்தாவும் இறங்கி வந்தாள். நான் நிற்பாட்டினேன்.

“அல்பேர்ட் அண்ணை, இது ஓடுதோ?”

“ஓம்.”

“எப்ப இருந்து செய்யிறியள்?”

“மார்ச்சிலை இருந்து. போன வருச மார்ச்.”



“என்ரை மனிசனைக் கொன்ற சாமான். நீங்கள் இதுக்கு எண்ணெய் ஊத்திக்கொண்டு இருந்திருக்கிறியள்.”

சாவியைக் கேட்டாள். கொடுத்தேன். பழைய இரும்பு எடுக்கும் லொறிக்குச் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை வருகிறது. எஞ்சின் அவன் பெயரில் வாங்கியது, கேட்க எனக்கு உரிமையில்லை. உன் புருஷனைக் கொன்றதை எனக்குத் தா என்று எந்த முகத்தோடு கேட்பது? இரண்டு நாளாக எல்லா வழியும் யோசித்தேன். இந்த ஒரு வழிதான் இருந்தது.

மனச்சாட்சி உறுத்தியதால் வந்தேன் என்று எழுதுங்கள், அதுவும் பொய்யல்ல. பிலேந்திரனை நான்தான் கொன்றேன். திருகைத் திருப்பியது நான், தூக்காமல் இருந்ததும் நான். ஆகவே எஞ்சின் இப்போது வழக்குச் சான்று, அதை யாரும் உடைக்க முடியாது. இன்று செவ்வாய், இன்றைக்கே ஆள் அனுப்புங்கள். ஈரமில்லாத அறையில் வையுங்கள். மாதம் ஒருமுறை பிளக்குகளைக் கழற்றிவிட்டு முன்பக்கத்து நட்டில் நீளக் கைபிடி போட்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடித்து இறுகிவிடும். உங்கள் ஆட்களுக்கு நேரமில்லை என்றால் நான் வந்து செய்கிறேன், கையில் விலங்கு இருந்தாலும் பரவாயில்லை. இதை மட்டும் எழுதித் தாருங்கள், நான் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன்.