துர்சுனாய் அக்கா வீட்டுச் சோதனை

சோதனைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் தேநீர் கொடுப்பேன். கை சூடானால் பேச்சு தானாக வரும். பிறகு, "உங்களைச் சோதிக்கல, கருவியைத்தான் சோதிக்கிறோம்" என்பேன். அது பொய்யில்லை ஐயா.

கருவி என்பது நிலக்கரி அடுப்பின் விஷவாயு பரவினால் அலறும் சின்னப் பெட்டி. நம்ம பிஷ்கெக் நகரத்தில் குளிர்காலம் வந்தால் தூக்கத்திலேயே போய்விடுகிறவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. அலுவலகத்தில் அலறவிட்டபோது எல்லாரும் சிரித்துக்கொண்டே சரியான பொத்தானை அமுக்கினார்கள். வடிவமைப்புக் குழுத் தலைவன் தாலாய்பெக் அந்தப் பதிவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"இது நாடகம்டா. பயந்தவன் கை எங்க போகும்னு காட்டு."

அவன் கேட்டது நியாயம்.

துர்சுனாய் அக்கா டோர்டாய் சந்தையில் கம்பளிக் காலுறை விற்பவர், தனியாக இருந்தார். அவர் வீட்டில் பெட்டியையும் கேமராவையும் மாட்டினேன். ஜன்னல்களைக் குளிருக்காகக் காகிதம் ஒட்டி அடைத்திருந்தார். எனக்கு ரொட்டி எடுக்க அவர் உள்ளே போனபோது அடுப்பின் புகைபோக்கியை மூடினேன். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, இடையில் யாரும் வந்து கெடுக்கக் கூடாதென்று கதவை வெளியே பூட்டினேன். காரில் உட்கார்ந்து திரையில் பார்த்தேன்.

பெட்டி அலறியது. அக்கா சிவப்புப் பொத்தானை அமுக்கினார். அது சத்தத்தை மட்டும் நிறுத்தும். உதவிக்கு அழைப்பது பச்சை. நாங்கள் தேடிக்கொண்டிருந்த தவறு அதுதான். சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை.

அவர் கேமராவைப் பார்த்தார். "தம்பி, தலை சுத்துது. இதுவும் சோதனையில சேர்த்தியா?"

இப்படிக் கேட்டால் விடை சொல்லக் கூடாது, கேள்வியைத் திருப்பித் தர வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. ஒலிபெருக்கி வழியே, "நீங்க என்ன நினைக்கிறீங்க அக்கா?" என்றேன்.

"போடா, கேட்டதையே திருப்பிக் கேக்கறதுக்கா உனக்குச் சம்பளம்?" சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "எனக்குப் பயமா இருக்குடா. நீ எங்க இருக்கே?"

"பயத்துல என்ன செய்யணும்னு தோணுது, சொல்லுங்க."

அவர் கதவுக்குப் போனார். இழுத்துப் பார்த்தார். தட்டினார். கால் தாங்காமல் உட்கார்ந்துகொண்டும் தட்டினார். அந்த ஓசை நிற்கும்வரை பதிவு செய்தேன்.

இப்போது வரும் பெட்டிகளில் சிவப்புப் பொத்தான்தான் உதவிக்கு அழைக்கிறது. அதனால் பிழைப்பவர்களையும் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்று தோன்றினால் 'நிறுத்து' என்று சொன்னால் போதும், அந்தக் கணமே நிறுத்திவிடுவேன் என்று தொடங்கும் முன்பே அவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். அவர் கதவைத்தான் தட்டினார். அந்த வார்த்தையைக் கடைசிவரை சொல்லவில்லை.