சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றவள்

குழந்தைக்குக் கவுன் தைக்கும்போது கீழ் விளிம்பில் நாலு விரல் துணியை உள்ளே மடித்துத் தைப்பது என் வழக்கம். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும், ஒரு கவுன் மூன்று வருடம் வரும். அஜோவாவுக்கு நான் தைத்த முதல் கவுனிலும் அப்படித்தான் மடித்துவிட்டிருந்தேன். அவள் என்னிடம் இருக்கப்போவது மூன்று மாதம்தான் என்று அப்போது எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

நடந்ததை வரிசையாக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். எனக்குக் கையெழுத்து நன்றாக வரும், அடித்தல் திருத்தல் இருக்காது.

என் பெயர் செர்வா. தெச்சிமான் சந்தைக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தேன். கணவர் இறந்துவிட்டார். நாலு முறை வயிற்றில் தங்கியது, ஒன்றும் கைக்கு வரவில்லை. இரக்கப்படுவீர்கள் என்று இதைச் சொல்லவில்லை. கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் இருந்த வளவில் ஆறு குடித்தனம். என் எதிர் அறையில் ஃப்ரேமா இருந்தாள். தக்காளி விற்பவள், இருபத்து நாலு வயது. புருஷன் பாலைவனம் தாண்டி லிபியாவுக்கு வேலைக்குப் போனவன், ஒரு கடிதம் கூட வரவில்லை. அவனைக் கட்டியதால் பிறந்த வீட்டுக்காரர்களும் அவளைத் தலைமுழுகியிருந்தார்கள். அவளுடைய மகள்தான் அஜோவா, அப்போது நாலு வயது.

தொண்ணூற்றாறாம் வருடம் தக்காளி ஏற்றிவந்த வண்டி கவிழ்ந்து ஃப்ரேமாவின் தொடை எலும்பு முறிந்தது. அரைநாள் தூரத்தில் ஒரு கிராமத்தில் கட்டு வைத்தியர் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரின் மனைவி பெண்கள் கூட்டத்தில் கேட்டார். ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். காசு பணம் எதுவும் வேண்டாம், தாய் எழுந்து நடக்கும்வரை நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். கை தட்டினார்கள்.

வைத்தியர் வீட்டுப் பாயில் கிடந்த ஃப்ரேமா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"அக்கா, கட்ட அவுத்த அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுறேன். உங்களுக்குத் தொந்தரவு வைக்க மாட்டேன்."

"என்ன தொந்தரவு? எலும்பு நல்லாக் கூடட்டும். அவசரப்பட்டு எந்திரிச்சு நொண்டியாகிடாத."

சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன். இதை அடிக்கோடிட்டிருக்கிறேன், பாருங்கள்.

பிள்ளை வந்தபோது காலெல்லாம் புண். சாப்பிடும்போது தட்டைக் கையால் மறைத்துக்கொள்வாள், யாரோ பிடுங்க வருகிற மாதிரி. நான் வெந்நீரில் கால் கழுவி மருந்து போட்டேன். காலையில் கஞ்சி, மத்தியானம் மீனோடு கென்கே, புளித்த சோளமாவு உருண்டை. மூன்று வாரத்தில் கன்னம் உப்பிவிட்டது. வளவில் பெண்கள் கேலி செய்தார்கள்.

"செர்வா அக்கா கெட்டிக்காரிதான். வலியில்லாம, மருத்துவச்சியில்லாம, நாலு வயசுப் பிள்ளையப் பெத்துட்டாங்களே."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று மாலை அஜோவா முற்றத்தில் விழுந்து முழங்காலில் அடிபட்டு, அந்தப் பெண்கள் எல்லோரையும் தாண்டி என்னிடம் ஓடிவந்து மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அம்மா" என்றாள். பழக்கத்தில் வாயில் வந்திருக்கலாம். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

முதலில் நான் கை வைத்தது ஒரு கோழியின் மேல்தான். கட்டு வைத்தியர்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்குக் கால் முறிந்தால் ஒரு கோழியின் காலையும் முறித்து, இருவருக்கும் ஒரே பச்சிலை வைத்துக் கட்டுவார்கள். கோழி எழுந்து நடந்தால் ஆளின் கட்டை அவிழ்க்கலாம். இரண்டாவது மாதக் கடைசியில் நான் பிள்ளையில்லாமல் தனியாகப் பார்க்கப் போனேன். வைத்தியர் வீட்டு முற்றத்தில் ஃப்ரேமாவின் கோழி, காலில் சிவப்பு நூல் கட்டியது, மற்ற கோழிகளோடு ஓடிக்கொண்டிருந்தது. வைத்தியர் காட்டுக்குப் பச்சிலை பறிக்கப் போயிருந்தார், சாயந்தரம்தான் வருவார். ஃப்ரேமா உள்ளிருந்து, "அக்கா, என் கோழி நடக்குதா? நேத்தே எந்திரிச்சிடுச்சுன்னு சொன்னாங்க" என்று கேட்டாள்.

"இன்னும் இழுத்து இழுத்துத்தான் போகுது" என்றேன். பிறகு வெளியே வந்து கோழியைப் பிடித்து, காலைப் பழைய இடத்திலேயே முறித்தேன். கோழி அதிகம் கத்தவில்லை. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, அவசரப்பட்டுவிட்டோம் என்று சொல்லி ஃப்ரேமாவின் கட்டை இன்னும் இறுக்கினார். அவள் முழங்கால் மடங்காமல் போனது அதனால்தான் என்று உங்கள் டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றரை மாதம்.

ஒன்றரை மாதமும் தீர்ந்தது. இரண்டாம் முறையாகக் கோழியை முறித்தால் வைத்தியருக்குச் சந்தேகம் வரும். நான் யோசித்து யோசித்து இளைத்துப்போனேன். அஜோவா என் பக்கத்தில் படுத்துக் காலை என்மேல் போட்டுக்கொண்டு தூங்குவாள். இதைத் திருப்பிக் கொடு என்று என்னிடம் யாரும் கேட்கக்கூடாது என்றுதான் தோன்றியது.

பிள்ளைக்குக் கடும் காய்ச்சல், குமாசி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்று வளவில் சொல்லிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். குமாசியில் இறங்கவில்லை. நேராகக் கடற்கரைத் தக்கோராடிக்குப் போய், காலியாகக் கிடந்த என் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மீன்காரியிடம் விட்டேன். நாலாம் நாள் தனியாகத் திரும்பி வந்தேன்.

சின்னக் குழந்தை செத்தால் எங்கள் வழக்கம் என்னவென்று தெரியுமல்லவா. சாவு வீடு கிடையாது. குழி எங்கே என்று பெற்றவளுக்குக் காட்டுவதில்லை, அவள் கேட்பதும் இல்லை. அழக்கூடாது, அழுதால் அடுத்த பிள்ளையும் தங்காது. வெள்ளை உடுத்தி, மாவு உருண்டையோடு கடலைக் குழம்பு சாப்பிட்டு, நல்ல நாள் மாதிரி இருக்க வேண்டும். பிள்ளை ஆஸ்பத்திரியில் போய்விட்டாள் என்று நான் சொன்ன பொய் ஒரே ஒரு வாக்கியம்தான். மீதியை ஊரே செய்து முடித்தது. வளவில் யாரும் அந்தப் பெயரை எடுக்கவில்லை. வைத்தியரின் மனைவி குழம்பு வைத்தாள். வெள்ளை ரவிக்கையை நான் தைத்துக்கொண்டு போயிருந்தேன்.

ஃப்ரேமா உருண்டையைப் பிட்டு வாயில் வைத்து, விழுங்க முடியாமல் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, கடைசியில என்னத் தேடுனாளா?"

"இல்ல. என் மடியிலதான் இருந்தா. தூங்குற மாதிரிதான் போனா. அழாதடி, சாப்பிடு."

அவள் அழவில்லை. வழக்கத்தை மதிக்கிற பெண். கட்டோடு தவழ்ந்து வந்து என் காலைத் தொட்டு நன்றி சொன்னாள். அந்தக் கையின் சூடு என் பாதத்தில் இன்னும் இருக்கிறது, எத்தனை தடவை கழுவினாலும் போவதில்லை. அடுத்த வாரம் கடையை விற்றுவிட்டுத் தக்கோராடிக்குப் போய்விட்டேன்.

பிள்ளையிடம் உன் அம்மா இறந்துவிட்டாள் என்றேன். எட்டு நாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் நாள் உள்ளே வந்து சாப்பிட்டாள். கிரேஸ் என்று பெயர் மாற்றிப் பள்ளியில் சேர்த்தேன். வகுப்பில் அவள் சீருடை மாதிரி மடிப்புக் கலையாத சீருடை யாருக்கும் இல்லை. வேண்டுமானால் ஆசிரியையைக் கேளுங்கள்.

மூன்று வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை, தெருவுக்கு எதிர்ப்பக்கம் சாக்கடை ஓரத்தில் ஒரு பெண் கம்பை ஊன்றி நிற்பதை ஜன்னலில் பார்த்தேன். ஃப்ரேமாதான். கடற்கரையில் கருவாடு வாங்கித் தெச்சிமானில் விற்க ஆரம்பித்திருந்தாள். அன்று வாங்க வந்த இடத்தில், பள்ளி விட்டு வந்த பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்திருக்கிறாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனேன். அவள் என்னைப் பார்த்துக் கத்தவில்லை. கை இரண்டையும் சேர்த்துக்கொண்டாள்.

"அக்கா, விரட்டிடாதீங்க. அவ யாருன்னு எனக்குத் தெரியும். நான் கூப்பிட மாட்டேன். பேரையே சொல்ல மாட்டேன்."

எனக்கு உடனே புரிந்தது. காலம் முடியாமல் செத்தவர்களில் சிலர் தூரத்து ஊரில் போய் ஆளோடு ஆளாக வாழ்வார்கள் என்பார்கள். சந்தையில் விலை பேசுவார்கள், பள்ளிக்கூடம் போவார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த நிமிடமே மறைந்துபோவார்கள், அப்புறம் எந்த ஊரிலும் இருக்க மாட்டார்கள். நானும் சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று நினைக்க அந்தப் பெண்ணுக்குத் தோன்றவே இல்லை. நான் பொய் சொல்லியிருப்பேன் என்று அவள் சந்தேகப்படவே இல்லை.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாலைந்து வார்த்தை போதும்.

"அவளாத்தான் என் வாசலுக்கு வந்தா" என்றேன். "நான்கூட அந்தப் பேரச் சொல்றதில்ல, வேற பேருதான் வச்சிருக்கேன். நீ வேணா வந்து பாத்துட்டுப் போ. சாக்கடைக்கு இந்தப் பக்கம் மட்டும் வந்துடாத."

"வர மாட்டேன் அக்கா. நல்லாச் சாப்பிடுறாளா?"

"சாப்பிடுறா."

"அது போதும்."

அதிலிருந்து வியாழக்கிழமைதோறும் வந்தாள். பள்ளி விடும் நேரத்துக்கு வந்து, பிள்ளை வீட்டுக்குள் போகும்வரை நிற்பாள். பிள்ளை பக்கத்தில் வந்தால் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொள்வாள், தப்பித்தவறிப் பெயர் வந்துவிடாமல். மழையிலும் நிற்பாள். ஒரு தடவை நான் தண்ணீர் கொடுத்தனுப்பினேன். இது ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது.

"அம்மா, அந்த நொண்டிக்கால் அக்கா ஏன் என்னப் பாத்தா வாயப் பொத்திக்கிறாங்க? எங்கிட்ட நாத்தம் அடிக்குதா?" என்று கிரேஸ் ஒருநாள் கேட்டாள்.

"பல்வலியா இருக்கும். நீ பாக்காம வா."

ஆனால் அந்த ஒரு வருடத்தில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. மெஷினில் தைத்துக்கொண்டே இருப்பேன், திடீரென்று எழுந்துபோய்ப் பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்ப்பேன், சூடாக இருக்கிறதா என்று. கண்ணாடிக்கு முன்னால் அவள் நின்றால் அவள் உருவம் தெரிகிறதா என்று பின்னால் போய்ப் பார்ப்பேன். அந்தப் பெயரை நான் மனதுக்குள்கூட நினைப்பதில்லை. பயந்துபோய்த்தான் வாழ்ந்தேன்.

போன வியாழக்கிழமை நூல்கண்டு வாங்கப் பிள்ளையை எதிர்க்கடைக்கு அனுப்பினேன். அவள் சில்லறையை எண்ணிக்கொண்டே தெருவில் இறங்கினாள். துறைமுகத்துக்கு மரம் ஏற்றிப்போகிற லாரி ஒன்று மேட்டிலிருந்து பிரேக் பிடிக்காமல் வந்துகொண்டிருந்தது. நான் ஜன்னலில் இருந்தேன். ஃப்ரேமா சாக்கடைக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். லாரியை நாங்கள் இருவரும் பார்த்தோம். பிள்ளை பார்க்கவில்லை.

ஃப்ரேமா வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"அஜோவா."

நாலு வருடத்துக்கு மேலாக யாரும் சொல்லாத பெயர். பிள்ளை அப்படியே நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் லாரி கடந்து, கீழே போய்ச் சுவரில் மோதி நின்றது. ஃப்ரேமா கம்பைப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து துணியால் கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளை மறைவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. வெகுநேரம் கழித்துத் துணியை விலக்கியபோது பிள்ளை அவளுக்கு முன்னால் நின்றிருந்தாள், மூச்சு வாங்கிக்கொண்டு, முழங்காலில் தெருப் புழுதியோடு. ஃப்ரேமா முதலில் அந்த முழங்காலைத்தான் தொட்டாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில்தான் தெருவே கூடியது, உங்கள் போலீஸ் ஆட்களும் வந்தார்கள்.

பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். என் கட்சியையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கூப்பிட்டால் பிள்ளை இல்லாமலே போய்விடுவாள் என்று அந்தப் பெண் முழுமனதாக நம்பியிருந்தாள். நம்பிக்கொண்டேதான் கூப்பிட்டாள். பிள்ளையை இழக்கத் துணிந்த ஒருத்தியிடம் எப்படிக் கொடுக்க மனசு வந்தது உங்களுக்கு? அதே லாரியை நானும் ஜன்னலில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவளைவிடக் கிட்டத்தில் இருந்தேன், குரல் எட்டும் தூரம். நான் கூப்பிடவில்லை.