இல்லாத இடத்தில் கால்

இந்த மேசை ஆடுகிறது ஐயா. ஒரு பக்கம் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தால் நின்றுவிடும்.

நீங்கள் வாயால் சொல்லச் சொன்னீர்கள். நான்தான் எழுதித் தருகிறேன் என்றேன். அதற்குக் காரணம் உண்டு. போன விசாரணையில் என்னைப் பற்றி எழுதிய அறிக்கையை முழுக்கப் படித்தேன். 'எழுத்துக் கூட்டிப் படிப்பவர். வில்லைகளைத் தவறாகப் படித்துக் கதவைச் சாத்திவிட்டார். உள்நோக்கம் இல்லை' என்று இருந்தது. ஐந்து பேர் செத்ததற்கு, என்னை மறுபடி பனி அள்ளப் போகச் சொன்னதோடு விட்டுவிட்டார்கள். அள்ளுவது எனக்குப் புதிதில்லை. ஆனால் தவறாகப் படித்தேன் என்று எழுதியது தொண்டையில் முள்ளாக நின்றது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. நானாகவே உங்களைத் தேடி வந்தேன்.

நீங்கள் பெரிய நிலாக்காரர், எங்கள் பிழைப்பு தெரிந்திருக்காது. எங்கள் நிலா முழுக்கப் பனிக்கட்டி. அதைக் குடைந்து வெட்டி உருக்கினால்தான் மற்ற நிலாக்களில் இருப்பவர்கள் தண்ணீர் குடிக்கலாம். தலைக்கு மேலே அந்த ராட்சத வாயுக் கோளம் எழாமல் மறையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அதற்கு நாங்கள் வைத்த பெயர் மாமியார். நான்கு நாளுக்கு ஒருமுறை எங்கள் நிலா மாமியாருக்குக் கிட்டத்தில் போகும். அப்போது அவள் பிடித்து இழுப்பாள், பனி வெடிக்கும். இழுப்புக்கு முன்னால் மணி அடித்ததும் சுரங்கத்தில் இருப்பவர்கள் வெளியே வந்துவிட வேண்டும். கதவுக்காரன் இரும்புக் கதவைச் சாத்திச் சக்கரத்தை இறுக்க வேண்டும். இல்லையென்றால் குடியிருப்பின் காற்றெல்லாம் வெடிப்பு வழியே போய்விடும்.

உள்ளே போகிறவர் தன் பெயர் எழுதிய தகர வில்லையைக் கதவோரக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார். திரும்பும்போது எடுத்துக்கொள்வார். கொக்கி காலியானால் சாத்தலாம். ஆனால் பாதிப் பேர் எடுக்க மறந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். தொங்குகிற வில்லை யாருடையது, அவர் உள்ளே இருக்கிறாரா, நேற்றே போனவரா என்று கதவுக்காரன்தான் படித்துப் பார்க்க வேண்டும். எழுத்துத் தெரியாதவனுக்கு அந்த வேலை கிடைக்காது. எனக்கு ஐம்பத்தொன்றாவது வயதில் கிடைத்தது.

எழுத்துச் சொல்லிக்கொடுத்தது பம்பு ஓட்டுகிற பெண். எல்லோரும் டீச்சர் என்போம். என்னைவிட இருபது வயது இளையவள். வேலை முடிந்ததும் பம்பு அறைச் சுவரில் படிந்த உறைபனியில் விரலால் எழுதிக் காட்டுவாள். தப்பாகப் போனால் வாயால் ஊதினால் போதும், அழிந்துவிடும். அப்படி ஒரு பலகை எந்தப் பள்ளிக்கூடத்திலும் இருக்காது. எனக்கு ஒரு பழக்கம், எந்த எழுத்துக்கும் கூடுதலாக ஒரு கால் போட்டுவிடுவேன். பல்லைப் பால் என்பேன், கல்லைக் கால் என்பேன்.

"அண்ணே, இல்லாத எடத்துல எல்லாம் கால் போடுறீங்க. இப்படியே போனா நம்ம நிலாவும் எந்திரிச்சு நடந்து போயிரும்" என்பாள்.

"போகட்டுமேம்மா. மாமியார்கிட்ட இருந்து தப்பிச்ச மாதிரி இருக்கும்" என்பேன்.

சிரிப்பாள். நல்ல பெண். அவளைப் பற்றிக் குறையாக ஒரு சொல்லும் எழுத மாட்டேன்.

என் வீட்டுக்காரி பனியை உருக்குகிற உருக்கு அறையில் வேலை பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு விட முடியாமல் படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரி உங்கள் நிலாவில்தான் இருக்கிறது. போவதற்கு மனுக் கொடுக்க வேண்டும். எனக்கு அப்போது எழுத்து வராது. மேஸ்திரி எழுதினார், நான் கட்டைவிரல் பதித்தேன். என்ன எழுதினார் என்று கேட்கவில்லை. நாலு நாள் கழித்துப் போய் நின்றேன்.

"எழுதி அனுப்பிட்டேன்யா. கப்பல்ல எடமில்லேங்கறான். நான் என்ன, தோள்ல தூக்கிட்டா போக முடியும்?" என்றார்.

பத்தொன்பதாம் நாள் அவள் போய்விட்டாள். கடைசி வரைக்கும், கப்பல் வந்துவிட்டதா என்றுதான் கேட்டாள்.

கதவு அறை அலமாரியில் பழைய காகிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. இழுப்புக்கு இழுப்பு நடுவில் வேலை இருக்காது. படித்துப் பழகலாமே என்று ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். அதில் ஒன்றில் என் கட்டைவிரல் இருந்தது. ரம்பம் கிழித்த தழும்பு குறுக்கே ஓடும், வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. மனுவின் நகல் அது, மங்கலாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் கூட்டிப் படித்தேன். 'என் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டாம்.'

அப்போது உருக்கு அறையில் ஆள் பற்றாக்குறை. அவளோடு நானும் போய்விட்டால் இரண்டு பேர் குறைவார்கள். மேஸ்திரிக்கு அதுதான் கணக்கு என்று புரிந்தது. கோபம் வரவில்லை ஐயா. ஒரு விஷயம் தெளிவானால் மனம் அடங்கிவிடுகிறது.

அன்றைக்கு டீச்சர் பம்பைப் பார்க்கச் சுரங்கத்துக்குள் போக வந்தாள். காகிதம் என் கையில் இருந்தது.

"என்னண்ணே, இந்த வயசுல காதல் கடுதாசியா? கொண்டாங்க, நான் படிச்சுச் சொல்றேன்."

நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடத் தெரிந்தவனுக்கு இன்னொருவர் எதற்குப் படித்துக் காட்ட வேண்டும்? அவள் வில்லையை மாட்டிவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு முன்னாலேயே மேஸ்திரி போயிருந்தார். வெட்டுக்காரர்கள் மூன்று பேர்.

மணி அடித்தது. மற்ற சுரங்கங்களில் இருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். என் கொக்கியில் இன்னும் ஐந்து வில்லை. காற்றழுத்தம் காட்டுகிற முள் பச்சையில் நின்றது. சிவப்புக்கு வந்தால்தான் ஆள் உள்ளே இருந்தாலும் சாத்தலாம் என்று விதி. சிவப்புக்கு வரவில்லை. ஐந்து பெயரையும் ஒவ்வொன்றாக, சத்தமாகப் படித்தேன். எங்கேயும் தடுக்கவில்லை. வீட்டார் இதைப் படிக்க நேரலாம் என்பதால் பெயர்களை இங்கே எழுதவில்லை. பிறகு கதவைச் சாத்தினேன்.

கதவு சாத்தியிருந்தாலும் உள்ளே இருப்பவர்களோடு குழாய் வழியாகப் பேசலாம். முதலில் மேஸ்திரி.

"யோவ் கதவு, கண்ணு அவிஞ்சு போச்சா? அஞ்சு பேர் இருக்கோம்யா, தொற."

அப்புறம் டீச்சர் அவரைத் தள்ளிவிட்டுப் பேசினாள். குரல் பதறவில்லை. "அண்ணே, அவர் கெடக்காரு. பயப்படாதீங்க. வில்லைய இன்னொரு தடவ பாருங்க. ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிங்க. நாங்க இன்னும் உள்ளதான் இருக்கோம்."

அவளும் அப்படித்தான் நினைத்தாள். அதுதான் வலித்தது. சரியாகத்தான் படித்தேன் அம்மா என்று குழாயில் சொன்னேன். அதற்குள் இழுப்பு வந்துவிட்டது. அவள் காதில் விழுந்ததா தெரியாது.

மற்ற நாலு பேர் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டீர்கள். ஒன்றும் செய்யவில்லை. ஒரு ஆளுக்கு மட்டும் சாத்துகிற மாதிரி கதவு செய்யவில்லை ஐயா, அது என் குற்றமா? எல்லாம் அடங்கிய பிறகு வில்லைகளைத் துடைத்து வரிசையாக மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

ஆக, நடந்தது தவறு அல்ல. தெரிந்தே செய்தேன். ஐந்து பேரையும் பெயர் படித்துக் கொன்றேன்.

இதை எழுதி முடிக்கும்போது, நான் முதல் நாள் மனுவைப் பற்றிச் சொன்னதை வைத்து உங்கள் நிலாவிலிருந்து வரவழைத்த அதன் அசலை மேசையில் வைத்திருக்கிறீர்கள். மை அழியாமல் இருக்கிறது. அடியில் கப்பல் அலுவலக முத்திரை, 'இடமில்லை' என்று. படியுங்கள் என்றீர்கள், படித்தேன். இன்னொரு தடவை என்றீர்கள், படித்தேன். இப்போது கடைசிச் சொல்லில் 'ட'வுக்குக் கீழே விரலை வைத்து, இது 'டு' அல்லவா, கால் எங்கே இருக்கிறது காட்டுங்கள் என்கிறீர்கள்.

இருக்கிறது ஐயா. பக்கத்திலேயே இருக்கிறது. மேசை ஆடுவதால் உங்களுக்குத் தெரியவில்லை. 'அனுப்ப வேண்டாம்' என்றுதான் எழுதியிருக்கிறது. வேறு எதை எப்படி எழுதினாலும் சரி, அறிக்கையில் இதை மட்டும் திருத்திவிடுங்கள்: எனக்குப் படிக்கத் தெரியும்.