பதினாலாம் நம்பர் வீடு

— அந்த இரும்புக் கம்பிய கீழ வைங்க கனகராஜ் அண்ணே. பிச்சைமுத்து அண்ணே ரத்தம் இன்னும் அதுல ஒட்டிக்கிட்டு இருக்கு.

— வச்சிர்றேன் தினேஸ்வரி. மொதல்ல அந்தப் புது சாஃப்ட்வேர அழி. நாளைக்குக் கமிட்டியில நான் சொல்ற முறையத்தான் எடுக்கப்போறோம். மூணு கம்ப்யூட்டருக்கும் ஒரே ஃபோல்டர். கடைசியா யாரு சேவ் பண்றாங்களோ, அதுதான் நிக்கும். ஈசிலா.

— அந்த ஈசிதான் நேத்து வீரம்மா அக்கா வீட்ட இடிச்சிச்சு. நம்ம சங்க ஆபீஸ்லருந்து கோர்ட்டுக்குப் போன வீட்டு லிஸ்ட்ல அவங்க பதினாலாம் நம்பர் இல்ல. லிஸ்ட்ல இல்லாத வீட்ட இடிக்கக் கோர்ட்டுத் தடையும் இல்லன்னு தோட்டத்துக் கம்பெனிக்காரனுங்க புல்டோசர விட்டானுங்க. குறுக்க நின்ன மகன் தர்மாவ காவலுக்கு வந்த ஜாகாக்காரனுங்க அடிச்ச அடியில தாடை ரெண்டாப் போச்சு.

— பிச்சைமுத்து டைப் அடிச்ச லட்சணம் அது! அதான் தோட்டத்து ஆளுங்க அவன வெளுத்தாங்க.

— "இவன்தான்"னு கைய நீட்டினது யாரு? மொத அடி யாரோடது? ஆஸ்பத்திரியில மனுசன் ஒரு கண்ணால அழுவுறாரு. இன்னொரு கண்ணு தெறக்கல.

— வாய மூடு.

— ரெண்டு வாரமா இந்தப் புது சாஃப்ட்வேர ட்ரை பண்ணிப் பாக்குறேன்லா. யாரு, எப்ப, எந்த வரிய மாத்தினாலும் எழுதி வச்சுக்குது. ஒம்பதாம் தேதி பிச்சைமுத்து அண்ணே பதினாலாம் வீட்டச் சேத்துட்டாரு. பதினொண்ணாம் தேதி மத்தியானம் அது மேல ஒரு பழைய ஃபைல் வந்து உக்காந்திருக்கு. உங்க கம்ப்யூட்டர்லருந்து.

— எங்கம்மா மேல சத்தியம், நான் எந்த வீட்டையும் எடுக்கல! வீட்டுக்குக் கொண்டுபோன பென்டிரைவ்ல ஒரே ஒரு சொல்லத்தான்...

— தெரியும். "செயலாளர் கனகராஜ்"ங்கறத "தலைவர் கனகராஜ்"னு மாத்துனீங்க. வேற ஒரு எழுத்தையும் தொடல. ஆனா அந்தப் பென்டிரைவ்ல இருந்தது ஒம்பதாம் தேதிக்கு முந்தின லிஸ்ட்.

— அழின்னா அழி! இல்ல, இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியோட சேத்து உன் கையையும்...

— ஐயோ! அண்ணே, என் கை! கை ஒடிஞ்சிருச்சு...

— நகருன்னு சொன்னேன்ல! பாரு, எல்லாம் தூளாப் போச்சு. இப்ப எங்க உன் சாட்சி?

— இதுக்குத்தான் அண்ணே இந்த சாஃப்ட்வேரப் போடச் சொன்னேன். மூணு கம்ப்யூட்டர்லயும் மொத்தமும் இருக்கும். ஒண்ண ஒடச்சா ஒண்ணும் ஆகாது.

— அந்த மூலையில ஒண்ணு. மூணாவது? மூணாவது எங்க?

— அந்த லேப்டாப்பு வீரம்மா அக்காகிட்ட இருக்கு. காலையில கோயில் முன்னால வச்சு தோட்டத்துக்கே படிச்சுக் காட்டிட்டாங்க. எல்லாரும் வண்டியேறி ஈப்போ டவுனுக்கு, நம்ம ஆபீஸுக்கே வந்தாச்சு. படியில சத்தம் கேக்கலயா?

— எத்தன பேரு?

— நேத்து உங்க கூட நின்னு அடிச்ச அத்தன பேரும், இன்னிக்கு உங்களத் தேடி. கம்பியப் போட்டுட்டு எனக்குப் பின்னால வந்து நில்லுங்க அண்ணே. ஒடியாத கை ஒண்ணு இருக்கு, கதவ நான் பிடிச்சுக்கிறேன்.