மூன்றாவது மடிப்பு

வெட்டவெளியில் பேஸ் சத்தம், அந்தத் தாழ்ந்த அதிர்வு, நிற்காது. லோயர் ஐயா, இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கல்யாண மண்டபத்துக்கு நாலு சுவர் இருக்கிறது, போன சத்தத்தைத் திருப்பித் தரும். தோட்டத்துக் கோயில் மைதானத்தில் என்ன இருக்கிறது? வானமும் தேயிலையும். இரண்டும் வாங்கினதைத் திருப்பித் தருகிற ரகம் இல்லை.

நீங்கள் கேட்டது இருளாண்டியைப் பற்றி என்று தெரியும். பதினான்கு மாதமாய் ஆள் வீடு வரவில்லை. அவன் பெண்சாதி அழகாயி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்கிறேன். ஆனால் பெட்டியில் இருந்துதான் தொடங்க முடியும். பெட்டி விளங்காதவர்களுக்கு இது ஏதோ பகை மாதிரித் தெரியும்.

பேஸ் பெட்டி இரண்டு விதம். என்னுடையது ஓட்டைப் பெட்டி. முன்னால் ஸ்பீக்கர், கீழே ஒரு துவாரம், உள்ளே ஒரே அறை. கையை விட்டால் பின்பலகை தட்டுப்படும். நேர்மையான பெட்டி. இருளாண்டி செய்தது மடிப்புப் பெட்டி. வெளியே அலுமாரி மாதிரி இருக்கும். உள்ளே பலகைகளைச் சாய்த்துச் சாய்த்து நிறுத்தி, சத்தம் வருகிற பாதையை மூன்று தரம் மடித்திருப்பான். பாதை வரவர அகன்று வாயில் விரியும். ஸ்பீக்கர் எங்கோ உள்ளே ஒளிந்திருக்கும். தூக்க நாலு பேர் வேண்டும்.

நான் தபால் மூலம் ஒலியியல் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். மாத்தளை டவுனில் இருபத்திரண்டு வருடமாய் சவுண்ட் சர்விஸ். அவன் பங்களா ஜன்னலுக்குக் கீல் மாட்டுகிற தோட்டத்து ஆசாரி. பழைய சஞ்சிகை ஒன்றில் படம் பார்த்தானாம், செய்தானாம். இவ்வளவுதான் அவனுடைய படிப்பு.

இரண்டாயிரத்து ஏழு மாசித் திருவிழாவுக்கு யார் பெட்டி என்று முடிவு செய்ய இரத்தோட்டைக்கு மேலே அந்தத் தோட்டத்தில் ஒரு பரீட்சை வைத்தார்கள். வைத்தவர் கோயில் கமிட்டித் தலைவர் செல்லச்சாமி. அவருக்கு ஒலி தெரியாது, மைக் தெரியும். கையில் கிடைத்தால் ஒன்றே கால் மணி நேரம் விடமாட்டார். "சயன்ஸ் முறைப்படி பார்ப்போம்" என்றார். சயன்ஸ் என்பது, மைதானத்தின் ஒரு கோடியில் பெட்டி, மறுகோடியில் கோயில் படியில் ஒரு விபூதித் தட்டு.

என் பெட்டி பாடியபோது விபூதி அசையவில்லை. இருளாண்டியின் பெட்டி பாடியபோது தட்டின் நடுவிலிருந்து ஊர்ந்து ஓரத்துக்குப் போய்த் துள்ளியது. மேல் லயத்து வீடுகளின் கூரைத் தகரம் அதிர்ந்தது. டிஸ்பென்சரியில் மருந்துப் போத்தல்கள் ஆடுகிறதென்று கம்பவுண்டர் ஓடிவந்தார்.

"பார்த்தீங்களா மாஸ்டர், விபூதி பொய் சொல்லாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் தலைவர்.

தட்டு பித்தளை, அதற்கென்று ஒரு அதிர்வு உண்டு, இது சோதனையே அல்ல என்று விளக்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. இருளாண்டிதான் பக்கத்தில் வந்தான். "மனசுல வைக்காதீங்கண்ணே. மண்டபத்துல உங்க பெட்டிதான் ராசா. இது மைதானம்ல" என்றான். அவன் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

பேஸ் அவனுக்கு. எனக்கு டியூப்லைட்டும், தலைவர் பேசுகிற மைக்கும்.

திருவிழாவுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு காலையில் இரண்டு லொறியும் ஒன்றாய்ப் போனோம். வழியில் ஆமி செக்பொயின்ட். யுத்த காலம், அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் டியூப்லைட்டுகளை ஒவ்வொன்றாய் எண்ணினார்கள். இருளாண்டி அவர்களுடைய காவல் கொட்டிலுக்கு ஒருமுறை கதவு செப்பனிட்டுக் கொடுத்தவன். கோப்ரல் அவன் பெட்டியில் இரண்டு தட்டுத் தட்டிச் சிரித்துவிட்டுத் தடையைத் தூக்கினான்.

எனக்குச் சிங்களம் நன்றாய் வரும். கோப்ரலிடம் சொன்னேன்: "என் பெட்டிக்குள் கையை விட்டே பார்க்கலாம். அந்தப் பெட்டிக்குள் பாதைகள் இருக்கின்றன. டோர்ச் அடித்தாலும் தெரியாது." இரண்டு வடிவமைப்புகளுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொன்னேன். ஒரு சொல் பொய்யில்லை.

ஆணியைக் கழற்றினார்கள். பிறகு பலகை அறுக்கிற வாள் கொண்டுவந்தார்கள். மூன்றாவது மடிப்பில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆசாரிமார் வழக்கம் அது. பின்னால் கழற்றிப் பழுது பார்க்கிறவனுக்கு அளவு தெரியட்டும் என்று வேலைக்குள்ளேயே தாளை ஒட்டிவைப்பார்கள். கோடுகள், அம்புக்குறிகள், அங்குலக் கணக்கு. ஓரத்தில் கோயில், லயம், டிஸ்பென்சரி என்று எழுதி, ஒவ்வொன்றும் எத்தனை காலடி தூரம் என்று குறித்திருந்தான். பெட்டியை எங்கே வைப்பது என்று பார்க்க மைதானத்தை நடந்து அளந்திருக்கிறான், பாவம்.

பெரிய அதிகாரி வந்தார். இருளாண்டிக்கு இருந்த கொஞ்சச் சிங்களமும் போய்விட்டது. என் பக்கம் திரும்பினான். "அண்ணே, இது பெட்டிப் படம்னு சொல்லுங்கண்ணே. நீங்க படிச்சவரு, நீங்க சொன்னா நம்புவாங்க."

அதிகாரி தாளை என்னிடம் நீட்டினார். "நீங்கள் இந்தத் துறையில் நிபுணரா? இது ஒலிபெருக்கிப் பெட்டியின் படமா?"

லோயர் ஐயா, அந்த விபூதித் தட்டுக்குப் பிறகு என்னிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவசரப்படவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்து முழுதாய்ப் பார்த்தேன். "ஒலி படித்தவன் எவனும் பெட்டியை இப்படிச் செய்யமாட்டான்" என்றேன்.

அந்தப் பரீட்சையிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்லிவந்ததுதான். கமிட்டி எடுத்துக்கொள்ளவில்லை, அவர் எடுத்துக்கொண்டார். இருளாண்டியை ஜீப்பில் ஏற்றும்போதும் அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் இன்னும் பேசி முடிக்கவில்லை என்பதுபோல. நான் பேசி முடித்திருந்தேன்.

அழகாயி மூன்று தரம் கடைக்கு வந்தாள். "அது பெட்டிப் படந்தான்னு ஒரு வரி எழுதித் தாங்கண்ணே, கேம்ப்ல கொண்டுபோய்க் காட்டுறேன்" என்றாள். ஒரு நிபுணர் தன் அபிப்பிராயத்தைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தால் அதற்கு என்ன மதிப்பு என்று பொறுமையாய் எடுத்துச் சொன்னேன். விளங்கிக்கொள்ளவில்லை. வாசலில் நெடுநேரம் நின்றுவிட்டுப் போனாள்.

இந்த மாசிக்கு அங்கே பேஸ் என்னுடையது. நாலு பெட்டி. கேள்விப்பட்டிருப்பீர்கள், தட்டில் ஒரு சிட்டிகை விபூதி மிஞ்சவில்லை. தலைவர் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்.

சரி, நீங்கள் எழுதிக்கொண்டுவந்த கடிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அது பெட்டிப் படம்தான். பார்த்த உடனேயே தெரியும். தெரியாமலா மூன்றாவது மடிப்பு அரை அங்குலம் ஒடுக்கம் என்று அங்கேயே கண்டுபிடித்தேன்? என்னுடைய நாலு பெட்டியிலும் அதைத் திருத்தியிருக்கிறேன்.

அழகாயி, இருளாண்டி வந்ததும் முதலில் கடைக்கு அனுப்பு. காட்ட வேண்டும். அவன்தான் அதைப் பார்த்துச் சந்தோஷப்படத் தெரிந்தவன்.