கையை அடக்கு

– அந்த முனையைப் பிடி முதல்ல. மரம் மாதிரி நிக்காதே.

– அக்கா, நான் பெட்ஷீட் மடிக்க வரலை.

– ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல சும்மா நிக்கறவனுக்கு இடம் கிடையாது. சூப்பர்வைசர் பார்த்தா என்னைத்தான் கேப்பாரு. மூலையோட மூலை சேரணும், பிடி. பேசணும்னா மடிச்சுக்கிட்டே பேசு.

– சின்னக்கா எங்கே?

– உன் முதுகுக்குப் பின்னாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இஸ்திரி மெஷின்கிட்ட. நான்தான் இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டேன். திரும்பாதே!

– ஏன்?

– நீ வந்ததைப் பார்த்துட்டா. பார்க்காத மாதிரி வேலை செய்யறா. காது கேக்காட்டியும் வாய் அசையறதை வெச்சே பாதியைப் படிச்சிடுவா. அதான் உன்னை முதுகு காட்டி நிக்க வெச்சேன்.

– உன் வாயைப் படிப்பாளே?

– நான் பெட்ஷீட்டைத் தூக்கிப் பிடிச்சுட்டுல்ல பேசறேன். இந்தப் புத்தி எல்லாம் நான் சின்ன வயசுலயே படிச்சது.

– ஒன்பது நாள் ஆச்சுக்கா, அவ என் வீட்டைவிட்டு வந்து. ஒரு வார்த்தை சொல்லலை.

– எதால சொல்லுவா ராசா? கையால சொல்லாதேன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?

– அது வந்து... காட்டிட்டாளா?

– பர்ஸ்ல வெச்சிருக்கா, நாலா மடிச்சு. 'குழந்தை முன்னாடி தயவுசெய்து கையை அசைக்க வேண்டாம்.' தயவுசெய்து வேற! யாரு எழுத்து?

– என் வீட்டுக்காரி எழுதினது. நானும் பக்கத்துலதான் இருந்தேன்.

– ம்க்கும். மேஜையைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பே.

– இல்லக்கா, கேளு. பேச்சு வர்றதுக்கு முன்னாடியே குழந்தைங்களுக்குச் சைகை சொல்லித்தர்ற வகுப்பு அது. சனிக்கிழமை சனிக்கிழமை போறோம். பால், தூக்கம், இன்னும், போதும்னு இருபது சைகை. ஒரு அட்டை கொடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டச் சொன்னாங்க. அதுல இருக்கற மாதிரியே காட்டணுமாம், ஆளுக்கு ஒரு விதமாக் காட்டினா பிள்ளை குழம்பிடுமாம். சின்னக்கா பாலுக்குக் காட்டறது அட்டையில இருக்கற மாதிரி இல்லை.

– நாப்பது வருஷமா அவ பேசற பாஷைடா அது. நீ எத்தனை சனிக்கிழமை படிச்சே?

– ஆறு.

– ஆறு. அந்த டீச்சருக்குக் காது கேக்குமா?

– கேக்கும்.

– அப்பச் சரி. அவ உன் வீட்டுல இருந்த இத்தனை வருஷத்துல உனக்கு எத்தனை சைகை தெரியும், சொல்லேன்.

– சாப்பாடு... தண்ணி... டீ.

– டீ வேணும்னு காட்டக் கத்துக்கிட்டே. அவ போட்டுக் கொண்டாந்து தர்றதுக்கு.

– பிள்ளை நல்லா வரணும்னுதானேக்கா சேர்த்தோம்?

– ஏழு மாசத்துல அவன் முதல்முதலா கையைக் காட்டிப் பால் கேட்டது யார்கிட்ட?

– சின்னக்காகிட்டதான். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம், அவதானே பார்த்துக்கிட்டா. அதை வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினோமே. அதைப் பார்த்துட்டுதான் யாரோ இந்த வகுப்பைச் சொன்னாங்க.

– எனக்கும் வந்துச்சு அந்த வீடியோ. பிள்ளை முகம் இருந்துச்சு, பால் பாட்டில் இருந்துச்சு. எதிர்ல உட்கார்ந்து கத்துக்கொடுத்தவளோட முழங்கைகூட இல்லை. அழகா வெட்டிட்டீங்க.

– திட்டறதா இருந்தா அப்புறம் திட்டுக்கா. இப்ப பிரச்சனை வேற. பையன் சைகையையே நிறுத்திட்டான்.

– நிறுத்திட்டானா?

– சத்தியமா. பசிச்சாக்கூடக் கேக்கறதில்லை. முன்னே ஃபேன் நின்னா உடனே விரலைச் சுத்திக் காட்டுவான். இப்ப வேர்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கான். டாக்டர்கிட்ட காட்டியாச்சு. காது நல்லாயிருக்கு, கண்ணு நல்லாயிருக்கு. எடைதான் குறைஞ்சிடுச்சு. பதினோரு மாசப் பிள்ளைக்கு எடை குறையக் கூடாதாம்.

– மூலையை விட்டுட்டே பாரு. பிடி.

– புதுசா ஒண்ணு மட்டும் செய்யறான். அட்டையில இல்லாதது. டீச்சரைக் கேட்டோம். குளிருதுன்னு சொல்றானோ என்னவோன்னாங்க. இந்த வெயில்ல ஸ்வெட்டர் போட்டு விட்டிருக்கோம்க்கா. அப்பவும் அதையேதான் செய்யறான்.

– இந்தப் புழுக்கத்துல ஸ்வெட்டரா? அந்த டீச்சருக்கு ஏத்த அப்பன்தான்.

– உனக்கு அவ பாஷை தெரியும்ல? என்ன கேக்கறான்னு மட்டும் சொல்லிடு. நான் போய்க் கொடுத்துடறேன். சின்னக்கா வரலைன்னாலும் பரவாயில்லை.

– செஞ்சு காட்டு.

– பெட்ஷீட்?

– நான் பிடிச்சுக்கறேன். காட்டு.

– இப்படி. ரெண்டு கையையும் ரெண்டு அக்குள்லயும் செருகிக்கிட்டு, தலையைக் குனிஞ்சு, கண்ணை மட்டும் உசத்தி நம்மளையே பார்ப்பான். நாம எடுத்துவிட்டாலும் திரும்பவும்...

– கையை எடு.

– என்னக்கா?

– எடுடா அங்கேர்ந்து!

– வெளுத்த துணியை ஏன்க்கா தரையில போட்டே?

– உனக்கு நினைவே இல்லையா? சின்னவ படிச்ச பேச்சுப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அம்மாகிட்ட சொன்னாரு. கை ஓடிட்டிருந்தா அவளுக்கு வாய் திறக்காது, வீட்டுல கையை அடக்கி வைங்கன்னு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததுலேர்ந்து ராச்சாப்பாடு வரைக்கும், சமையலறை வாசல்ல முக்காலி போட்டு உட்கார வெப்பாங்க. ரெண்டு கையும் அக்குள்ல.

– முக்காலி... நீலக் கலர்.

– நீலம்தான். எதிர்ல நீ உட்கார்ந்திருப்பே. அஞ்சு வயசு. உனக்குக் காவல் வேலை. அவ கையை வெளியே எடுத்தா 'அம்மா, கை!'ன்னு கத்தணும். கத்தினா உனக்கு ஒரு மிட்டாய், அவளுக்குக் கரண்டிக்காம்பு.

– நான் சின்னப்பிள்ளைக்கா.

– அவளுக்கு ஒம்பது.

– அப்போ பையன் செய்யறது... குளிர் இல்லையா?

– சீட்டு எழுதிக் கொடுத்ததுக்கப்புறம் அவ எத்தனை நாள் உன் வீட்டுல இருந்தா?

– மூணு வாரம்.

– மூணு வாரம் உன் பையன் அவகிட்ட கையை ஆட்டி ஆட்டிக் கேட்டிருப்பான். அவ அக்குள்ல கையை வெச்சுக்கிட்டு அவனையே பார்த்திருப்பா. கையை அடக்குன்னா அவளுக்குத் தெரிஞ்சது அதுதான். உன் பையன் எதையும் மறக்கலைடா. அடக்கமான பிள்ளையா இருக்கக் கத்துக்கிட்டான். அழாதே, துணியில படும். மறுபடி வெளுக்க நான்தான் நிக்கணும்.

– நான் செஞ்சு காட்டினதை அவ பார்த்துட்டாளா?

– பார்த்துட்டா. மெஷினை நிறுத்திட்டா. ஏதோ கேக்கறா.

– என்ன கேக்கறா?

– 'குழந்தையா?'ன்னு.

– நான் என்ன சொல்ல?

– திரும்பி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டு. அதுக்கு அட்டை வேண்டாம்.

– ஆட்டிட்டேன்... அக்கா, எங்கேயோ போறாளே!

– ஏப்ரனைக் கழட்டிட்டா. பையை எடுக்கப் போறா. வர்றாளாம். உனக்காக இல்லை, நினைப்பை வளர்த்துக்காதே.

– தெரியும்க்கா. போனதும் முதல்ல அந்த அட்டையைக் கிழிக்கறேன்.

– ஸ்வெட்டரைக் கழட்டு முதல்ல. வா, அவ வர்றதுக்குள்ள இதை மடிச்சிடலாம். அந்த மூலையைத் தூக்கு.

– அக்கா, ஒண்ணு கேக்கவா?

– ம்.

– எனக்கு அப்ப அவ பாஷை ஒரு எழுத்து தெரியாது. அம்மா உள்ளே இருப்பாங்க. அடி விழும்னு தெரிஞ்சும் அவ கையை எடுத்து யார்கிட்ட பேசினா?

– மூலையைத் தூக்குடான்னா.

– பெரியக்கா.

– என்கிட்டதான். வேற யாருக்கு அந்த வீட்டுல அவ பாஷை தெரியும்? கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு நான்தான் முதல்ல கையைக் காட்டுவேன். 'பசிக்குதா?'ன்னு கேப்பேன். நான் கேட்டா அவளால பதில் சொல்லாம இருக்க முடியாது. கையை எடுப்பா. நீ கத்துவே.

– நான் கத்தினா உனக்கென்ன?

– மிட்டாயைக் கடிச்சு உடைச்சுப் பாதி எனக்குக் கொடுப்பியே. பாதி மிட்டாய்க்காகத்தான் நான் அவளைப் பசிக்குதான்னு கேட்டது. அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. உன்னைத்தான் குத்தம் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவா. நானும் கூட உட்கார்ந்து, ஆமா ஆமான்னு...

– அக்கா, பெட்ஷீட்டைத் தூக்கிப் பிடி.

– எதுக்கு?

– வாயை மறைச்சுக்கோக்கா. சின்னக்கா பையோட வாசல்ல நிக்கறா. எப்போலேர்ந்து நிக்கறான்னு தெரியலை. உன் வாயையே பார்த்துட்டிருக்கா.

– இரு. நான் அவகிட்ட சொல்றேன். நான் கேட்டா பதில் சொல்லுவா. என் கையைப் பார்த்தா அவளால...

– வேண்டாம்க்கா. பையைக் கீழே வெச்சுட்டா. ரெண்டு கையையும் அக்குள்ல செருகிக்கிட்டா.