பீடி மறைத்த ரத்தம்

“பீடிய விட்ட பொறவுதான் அண்ணாச்சி, ஈறுல ரத்தம் வந்துச்சு. பீடிதான் மருந்துன்னு திரும்பப் பத்த வைக்கப் பாத்தேன்.”

திருச்செந்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இருவர். சொன்னவர் இளையவர்.

“பல் டாக்டரம்மா என்ன சொன்னாவ?” என்றார் மூத்தவர்.

“நோவு பல வருசமா இருக்காம். பீடிப் புகைதான் ரத்தம் வராம மறைச்சு வச்சிருக்காம். ரெண்டு மாசமா ஈறுக்கடியில சுத்தம் பண்ணி விடுதாவ.”

மூத்தவர் பையிலிருந்து ஒரு கொய்யாக்காயை எடுத்து நீட்டினார். இளையவர் கடித்துவிட்டு, கடித்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது.

“ரத்தத்தக் காணோமே அண்ணாச்சி. திரும்பவும் மறைக்குதோ?”

“பீடிதான் இல்லையே, எதுலே மறைக்கும்? பேசாம தின்னு.”